குருத்து இருக்கிறதா, முதலில் பாருங்கள் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2018 கஜா புயலில் எங்கள் தென்னந்தோப்பு மொத்தமும் போனது. அதற்குப் பிறகு வைத்த கன்றுகள் இப்போதுதான் பாளை விட ஆரம்பித்தன. போன வாரம் அடித்த சூறைக்காற்றில் பதினைந்து மரம் சாய்ந்துவிட்டது. எல்லாவற்றையும் வெட்டிவிட்டு நிலத்தை விற்றுவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். எனக்கும் தெம்பு இல்லை. நிமிர்த்தினால் பிழைக்குமா?
– ஒரு வாசகி, பேராவூரணி

நிலத்தைப் பற்றிய முடிவை நான்கு மாதம் தள்ளிப்போடுங்கள், சகோதரி. மரத்தைப் பற்றி மட்டும் இந்த வாரமே முடிவெடுங்கள்.

தென்னையின் உயிர் முழுக்க உச்சிக் குருத்தில் இருக்கிறது. மட்டைகள் பாதி முறிந்தாலும் குருத்து நன்றாக இருந்தால் மரம் தேறும். குருத்து முறிந்தால் பக்கத்தில் துளிர்க்க அதற்கு வழியே கிடையாது. ஒவ்வொரு மரத்திலும் நடுக்குருத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். உறுதியாக நின்றால் நல்லது. கையோடு வந்து, அடியில் அழுகல் நாற்றம் அடித்தால் குருத்தழுகல். ஆரம்பம்தான் என்றால் அழுகிய பகுதியை நல்ல சதை தெரியும்வரை சீவி, போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூச்சு; செய்முறை அடுத்த பதிலில்) தடவி, மழை இறங்காமல் மூடி வையுங்கள். உள்ளே வரை கூழாகிவிட்ட மரத்தை விட்டுவிட வேண்டியதுதான்.

இலேசாகச் சாய்ந்தவற்றைத் தொடவே வேண்டாம். உச்சி தானாக மேல்நோக்கி வளைந்துகொள்ளும். தூரில் மண் மட்டும் அணையுங்கள். படுத்துவிட்ட மரத்தில் ஒரு பக்க வேராவது மண்ணில் பிடித்திருந்தால் நிமிர்த்தலாம். அடி மட்டைகளையும் குலைகளையும் கழித்து, உச்சியில் ஆறேழு மட்டையை மட்டும் விடுங்கள். பாதி வேர் அறுந்த மரத்தால் அத்தனை இலைக்கும் நீர் ஏற்ற முடியாது. பலர் தவறவிடும் வேலை அடுத்தது: வேர் பெயர்ந்த பள்ளத்தில் சரிந்து கிடக்கும் மண்ணை முழுக்க வாரி வெளியே போடுங்கள். அதை அள்ளாமல் தூக்கினால் வேர்க்கட்டு பழைய இடத்தில் உட்காராது, அடுத்த காற்றில் மறுபடி விழும். தண்டில் சாக்கு சுற்றி, அதன்மேல் கயிறு கட்டி, செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கவேண்டும். டிராக்டரில் கட்டி வெடுக்கென்று இழுத்தால் மிச்சமிருக்கும் வேரும் போகும். நின்றதும் மூன்று பக்கம் சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்து, தூரைச் சுற்றி ஒரு அடி உயரம் மண் அணையுங்கள். அந்த மண்ணுக்குள்தான் தூரிலிருந்து புதுவேர் இறங்கும்.

உரம் இப்போது கூடாது. எடுத்துக்கொள்ள வேர் இல்லாத நேரம் இது. தேறும் மரம் ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு மட்டை விரிக்கும். அப்படி இரண்டு மூன்று மட்டை விரிந்த பிறகு உரம் வைக்கலாம். நான்கு மாதம் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான்.

செத்த மரங்களைத் தோப்பில் போட்டு வைக்காதீர்கள். மக்கும் தண்டில் காண்டாமிருக வண்டு பெருகும். காயத்தில் வடியும் சாற்று வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். புயலில் தப்பிய மரங்களை இந்த இரண்டும் பிறகு கொல்வது உண்டு. வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் மேல் மூன்று மட்டை இடுக்குகளில் போடுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இன்று பறிக்கும் தேங்காய்க்கான பாளை குருத்துக்குள் உருவாகத் தொடங்கியது சுமார் மூன்றரை வருடத்துக்கு முன்பு. ஆகவே மரம் பிழைத்தாலும் இரண்டு, மூன்று வருடம் காய்ப்பு குறையும். அதைப் பார்த்து மரம் வீணாகிவிட்டது என்று மனம் உடையாதீர்கள். இடையில் உளுந்தோ நிலக்கடலையோ போட்டுக் கைச்செலவைப் பாருங்கள்.

கேள்வி: வாசலில் நின்ற பெரிய வேம்பு வேரோடு சாய்ந்துவிட்டது. கிரேன் உள்ளே வராது. விறகுக்குத்தானா?
– ஒரு வாசகர், கடலூர்

பட்டையை நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் இருக்கிறது. வேம்பு வெட்டிய கட்டையிலிருந்தே தழைக்கும். தூரிலிருந்து இரண்டடி விட்டு மரத்தை அறுத்துவிட்டு, வேர்க்கட்டையைப் பள்ளத்தில் உட்காரவைத்து மண் நிரப்புங்கள். அறுக்கும்போது கட்டை திடீரென எழும்பி உட்காரும். பள்ளத்துப் பக்கம் யாரும் நிற்கக்கூடாது. வெட்டுவாயில் போர்டோ பசை பூசுங்கள்: ஒரு கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு, மொத்தம் பத்து லிட்டர் தண்ணீர். இரண்டையும் பிளாஸ்டிக் வாளிகளில் தனித்தனியாகக் கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கலக்குங்கள். இரும்புக் கத்தியை நனைத்துப் பார்த்து, செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்கவேண்டும். நிறையத் துளிர் வரும். நல்லதாக ஒன்றிரண்டை விட்டு மற்றதை ஒடித்துவிடுங்கள்.

கேள்வி: பள்ளிப் பிள்ளைகளோடு ஏரிக்கரையில் பனங்கொட்டை விதைத்து நான்கு மாதம் ஆகிறது. ஒன்றும் முளைக்கவில்லை. பிள்ளைகள் கேட்கிறார்கள், தோண்டிப் பார்க்கலாமா?
– ஓர் ஆசிரியர், திருவாரூர்

வேண்டாம். பனை முதலில் கீழேதான் வளரும். கொட்டையிலிருந்து ஒரு தண்டு மண்ணுக்குள் இறங்கி, கருவை ஆழத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அங்கே கிழங்கு திரண்டு வேர் பிடித்த பிறகே முதல் ஓலை வெளியே வரும். கொட்டைக்குள் திரளும் தவுண் (பஞ்சு போன்ற வெண்சதை) உள்ளிருக்கும் பருப்பின் சத்தை உறிஞ்சிக் கொடுத்துதான் அத்தனையும் நடக்கிறது. இடையில் தோண்டினால் அந்தத் தண்டு அறுந்துவிடும்.

பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டவேண்டும் என்றால், மிச்சமுள்ள கொட்டைகளை அடுத்த முறை பள்ளித் தோட்டத்தில் மண்மேடு கட்டித் தனியாகப் புதையுங்கள். பொங்கல் சமயத்தில் தோண்டினால் தவுணும் கிழங்கும் கையில் கிடைக்கும். கரையில் உள்ளவற்றுக்கு அடையாளக் குச்சி நட்டு, ஆடு மாடு மிதிக்காமல் முள் போடுங்கள். வடலி (இளம் பனை) ஆன பிறகும் தண்டு எழும்பப் பல வருடம் ஆகும். ஆணா பெண்ணா என்பது பாளை வரும்போதுதான் தெரியும். அதற்குப் பன்னிரண்டு வருடமோ அதற்கு மேலோ பிடிக்கும். விதைத்த பிள்ளைகள் அப்போது வேலைக்கே போயிருப்பார்கள். அதையும் அவர்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கணவர் தவறி ஏழு மாதம். "பட்ட மரமே துளிர்க்கிறது, மனதைத் தேற்றிக்கொள்" என்கிறார்கள். கேட்டாலே எரிச்சல் வருகிறது. கோயிலுக்குப் போகவும் மனம் இல்லை.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

உங்கள் எரிச்சல் நியாயமானது, அம்மா. எல்லாம் துளிர்ப்பதில்லை. சென்னை அடையாறு ஆலமரத்தின் மூலத்தண்டு 1989 புயலில் சாய்ந்தது, அது மீளவில்லை. மரம் இன்றும் விழுதுகளில் நிற்கிறது. அந்த விழுதுகள் புயலுக்குப் பிறகு அவசரமாக முளைத்தவை அல்ல, எத்தனையோ வருடம் முன்பே மண்ணைத் தொட்டவை. உங்களுக்கும் அப்படி ஓரிருவர் இருப்பார்கள்: தங்கை, பக்கத்து வீட்டுக்காரர், பழைய தோழி. பொதுவாக "உதவி வேண்டும்" என்று சொல்லாமல், "வியாழக்கிழமை என்னோடு பேங்குக்கு வா" என்று ஒரு வேலையைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். வர நினைப்பவர்களுக்கும் என்ன செய்வது என்று தெரியாமல்தான் தள்ளி நிற்கிறார்கள்.

கோயிலுக்குப் போகக் கட்டாயப்படுத்திக்கொள்ளாதீர்கள். வேர் அறுந்த மரத்துக்கு உரம் வேண்டாம் என்று மேலே சொன்னது இங்கும் பொருந்தும். மனம் வரும்போது போகலாம். வராத நாளில் விளக்கேற்றுவது போதும், அதுவும் முடிந்தால். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தாலோ, வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலோ காத்திருக்கக் கூடாது. 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது; முதல் நாள் தங்கையைக் கூட்டிக்கொண்டு போங்கள்.