ஒரே ஃபிரேமில் இரண்டு தடவை ஃபிளாஷ் அடித்தால் படம் வெளுத்துவிடாதா?

எல்லா நேரமும் வெளுக்காது. "இரண்டு எக்ஸ்போஷருக்கு ஒரு ஸ்டாப் குறை, நாலுக்கு இரண்டு ஸ்டாப் குறை" என்கிற கணக்கு (எக்ஸ்போஷர் என்றால் ஃபிலிமில் ஒரு தடவை வெளிச்சம் படுவது, ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்), ஃபிலிமின் ஒரே இடத்தில் வெளிச்சம் மறுபடி விழுந்தால்தான் செல்லும். ஒரே ஆள் இடப்பக்கம் ஒரு தடவை, வலப்பக்கம் ஒரு தடவை நிற்கிறார், பின்னால் கும்மிருட்டு என்றால் எதையும் குறைக்காதீர்கள். குறைத்தால் இரண்டு உருவமும் மங்கிப்போகும்.

நான் முதலில் பார்ப்பது பின்னணியைத்தான். ஆள் இடம் மாறுவார், சுவர் மாறாதே! முதல் தடவை அவர் நின்ற இடத்தில், இரண்டாம் தடவை வெறும் சுவர் பதிவாகும். அவருடைய கறுப்புத் தலைமுடிக்குள் சுவர் தெரியும். வெள்ளை வேட்டி மட்டும் தப்பிக்கும், அங்கேதான் ஏற்கெனவே வெளிச்சம் நிறைய விழுந்திருக்கிறதே. அதனால் கறுப்புத் துணியை ஆளுக்கு நன்றாகப் பின்னால் தள்ளிக் கட்டுங்கள். இல்லையா, ராத்திரி மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள். வானத்தில் ஃபிளாஷ் பட்டு எதுவும் திரும்பி வராது.

ஃபிளாஷை ஆட்டோவில் வைக்க வேண்டாம். சுற்றிலும் இருட்டைப் பார்க்கிற சென்சார், வெளிச்சம் போதவில்லை என்று அள்ளிக் கொட்டி முகத்தை எரித்துவிடும். மேனுவல்தான் சரி. ஐஎஸ்ஓ 100 ஃபிலிம், கைடு நம்பர் (ஃபிளாஷின் பலத்தைச் சொல்லும் எண்) மீட்டரில் 28, ஆள் 3.5 மீட்டர் தூரம் என்றால் 28-ஐ 3.5-ஆல் வகுங்கள்: லென்ஸ் திறப்பு எஃப்/8. இரண்டு உருவங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுமானால் ஒரு ஸ்டாப் குறைத்து எஃப்/11. ஷட்டர் வேகம் ஃபிளாஷ் அளவை மாற்றாது, சுற்றுப்புற வெளிச்சத்தை மட்டும் வெட்டும். அதனால் சிங்க் வேகத்திலேயே (ஃபிளாஷோடு ஒத்துப்போகும் மிக அதிக ஷட்டர் வேகம்) வையுங்கள். ரெடி விளக்கு எரிந்ததும் அவசரப்படாதீர்கள். முழுசாகச் சார்ஜ் ஏறும் முன்பே அது எரியும். இன்னும் சில நொடி பொறுங்கள்.

நிக்கான் எஃப்எம்2 கேமராவில், ஃபிலிமை நகர்த்தாமல் ஷட்டரை மறுபடி தயாராக்க, இதற்கென்றே மல்டிபிள் எக்ஸ்போஷர் லீவர் உண்டு. பென்டாக்ஸ் கே1000-இல் கிடையாது. ரீவைண்ட் பட்டனை அழுத்திக்கொண்டு வைண்ட் செய்கிற வித்தையில் ஃபிரேம் கொஞ்சம் நகர்ந்துவிடும்.

லீவர் இல்லாதவர்களுக்கு என் யோசனை: டிரைபாடில் கேமராவைப் பூட்டி, அறையை இருட்டாக்கி, பல்ப் செட்டிங்கில் (அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும்) கேபிள் ரிலீஸால் ஷட்டரைத் திறந்தே வைத்து, ஃபிளாஷின் டெஸ்ட் பட்டனை வேண்டிய தடவை அழுத்துங்கள். 1949-இல் புகைப்படக்காரர் கியான் மிலி, இருட்டில் விளக்கால் கோடு இழுத்த ஓவியர் பிக்காசோவை எடுத்ததும் கிட்டத்தட்ட இப்படித்தான்: கோட்டுக்குத் திறந்த ஷட்டர், ஆளுக்கு ஃபிளாஷ்.