தூண்டாத டி செல்லும் ஏன் ஒளிர்கிறது? செல்லுக்கு முன் படலத்தைச் சோதியுங்கள்

கேள்வி: இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்று, நோயெதிர்ப்பியல் ஆய்வகம் ஒன்றில் மேலாய்வாளராகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. கண்ணாடித் தகட்டில் கொழுப்பு இரட்டைப் படலம் போட்டு, அதில் செல்லை ஒட்டவைக்கும் ஐகேம்-1 புரதத்தையும், டி செல் ஏற்பியின் பகுதியான சிடி3-ஐப் பிடிக்கும் ஃபேப் துண்டையும் (எதிர்ப்புரதத்தின் ஒரு கை) பொருத்தி, ஜுர்காட் என்ற ஆய்வகச் செல்வழியின் டி செல்களை டிர்ஃப் நுண்ணோக்கியில் (கண்ணாடியை ஒட்டிய மெல்லிய அடுக்கை மட்டும் ஒளியூட்டுவது) படமெடுக்கிறேன். ஃபேப் இல்லாத கட்டுப்பாட்டுப் படலத்திலும் பாதிக்கு மேற்பட்ட செல்களில், கால்சியத்தைக் காட்டும் சாயமான ஃப்ளூவோ-4-இன் ஒளி ஏறுகிறது. ஃபேப் உள்ள படலத்தில் ஏற்பியின் நுண்கொத்துகள் உருவாகின்றன. ஆனால் நடுவை நோக்கி நகர்வதில்லை. லேசர் திறனைக் கூட்டியும் பயனில்லை. செல்லை மாற்றிப் பார்க்கவா?

பதில்: இப்போதைக்குச் செல்லை மாற்ற வேண்டாம். இரண்டு தொல்லைகளும் ஒரே இடத்திலிருந்து வரலாம். அது பெரும்பாலும் செல்லுக்கு அடியில் இருக்கும் படலம்தான். லேசர் திறனை உடனே பழைய அளவுக்குக் குறைத்துவிடுங்கள். அது எந்தச் சிக்கலையும் தீர்க்காது, செல்லைச் சேதப்படுத்தும்.

முதலில், நீங்கள் பார்ப்பது தூண்டலால் உயரும் கால்சியமா என்று உறுதி செய்யுங்கள். டிர்ஃபில் ஒளி கண்ணாடியிலிருந்து 100 முதல் 200 நானோமீட்டர் வரைதான் செல்லுக்குள் போகிறது. செல் வந்து இறங்கி, தட்டையாகப் பரவும்போது அந்த மெல்லிய அடுக்குக்குள் நுழையும் சைட்டோபிளாசத்தின் அளவு கூடுகிறது. உள்ளே கால்சியம் துளியும் மாறாவிட்டாலும் சாயத்தின் ஒளி ஏறும். ஃப்ளூவோ-4 ஒற்றை அலைநீளச் சாயம் என்பதால் இந்த இரண்டையும் அதனால் பிரித்துக் காட்ட முடியாது. கால்சியத்தை டிர்ஃபில் அளக்கவே கூடாது என்பது என் கருத்து. கோணத்தை மாற்றி, முழுச் செல்லும் ஒளிபெறும் எபி ஒளியூட்டலில் அளங்கள். 340, 380 நானோமீட்டர் ஒளி உங்கள் கருவியில் இருந்தால் ஃபூரா-2 சாயம் போட்டு, இரண்டு ஒளியிலும் வரும் அளவுகளின் விகிதத்தை எடுங்கள். செல்லின் தடிமனும் சாயத்தின் அளவும் விகிதத்தில் பெருமளவு அடிபட்டுப் போகும்.

வளைகோட்டின் வடிவமும் துப்புக் கொடுக்கும். உண்மையான கால்சியம் சில விநாடிகளில் செங்குத்தாக ஏறி, உச்சம் தொட்டு, பின் ஒரு சமநிலைக்கோ ஏற்ற இறக்கத்துக்கோ வரும். இறங்கிப் பரவுவதால் வரும் ஒளி, செல்லின் தடப்பரப்போடு சேர்ந்து நிமிடக்கணக்கில் மெதுவாகக் கூடும். ஒவ்வொரு ஓட்டத்தின் இறுதியிலும் 1 மைக்ரோமோலார் அயனோமைசின் (கால்சியத்தைச் செல்லுக்குள் நுழையவிடும் பொருள்) விட்டு உச்ச ஒளியைப் பதிவு செய்யுங்கள். அது இல்லாமல் எந்த ஏற்றம் பெரியது, எது சிறியது என்று சொல்ல முடியாது.

எபி ஒளியிலும் கட்டுப்பாட்டுச் செல்கள் ஏறுகின்றனவா? அப்படியானால் படலத்துக்கு வருவோம்.

கண்ணாடியைத் தொட்டாலே டி செல் விழித்துக்கொள்ளும். செல்களை ஒட்டவைக்கப் பலரும் பூசும் பாலி-எல்-லைசின் கூட, வேறு தூண்டும் பொருள் ஏதுமின்றி டி செல்லில் சமிக்ஞை கிளப்புகிறது என்று 2018-ல் வெளியான ஆய்வு காட்டியது. இதற்கு ஒரு நல்ல விளக்கம் உண்டு. டி செல் ஏற்பியும் அது பிடிக்கும் மூலக்கூறும் சேர்ந்து சுமார் 15 நானோமீட்டர் இடைவெளியில் அடங்கிவிடும். ஏற்பியின் பாஸ்பேட்டைக் கழற்றி அதை அடக்கி வைக்கும் சிடி45 என்ற புரதம் அதைவிட உயரமானது. சவ்வு ஒரு பரப்போடு மிக நெருங்கி ஒட்டினால் சிடி45 அங்கிருந்து வெளியே தள்ளப்படுகிறது. தடுப்பவர் போனதும் ஏற்பி தானே சமிக்ஞை தரத் தொடங்குகிறது. படலத்தில் ஓட்டை இருந்தால், அதன் வழியே செல் வெறும் கண்ணாடியைத் தொடும். உங்கள் கட்டுப்பாட்டில் நடப்பது இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சோதிக்க எளிய வழி: ஐகேமோ ஃபேபோ சேர்க்காமல், பிஎஸ்ஏ என்ற மாட்டு இரத்தப் புரதம் மட்டும் கொண்டு அடைத்த படலத்தில் செல்களை விடுங்கள். நல்ல படலத்தில் செல் ஒட்டாது. மெல்ல உறிஞ்சிக் கழுவினாலே போய்விடும். ஒட்டிக்கொண்டால் படலம் பழுது. 0.1 மோல் சதவீதம் ஒளிர் கொழுப்பு சேர்த்தும் பார்க்கலாம். கரும்புள்ளிகள் ஓட்டைகள். நகராத பளிச்சென்ற புள்ளிகள், உடைந்து விரியாமல் அப்படியே உட்கார்ந்த கொழுப்புக் குமிழ்கள்.

அடுத்தது ஃப்ராப்: ஒரு வட்டத்தின் சாயத்தை லேசரால் வெளுக்கச் செய்து, அங்கே ஒளி மீள எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் சோதனை. இதைக் கொழுப்பில் மட்டும் செய்து நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. கொழுப்பு நன்றாக ஓடும். அதன் மேல் உட்கார்ந்த புரதம் ஆணி அடித்ததுபோல் நிற்கும். ஃபேபுக்குச் சாயம் ஏற்றி, ஃபேபின் மீட்சியை அளங்கள். 5 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தை வெளுக்கச் செய்தால், அரைமீட்சி நேரம் சுமார் 5.6 விநாடி எனில் விரவல் எண் விநாடிக்கு 1 சதுர மைக்ரோமீட்டர் (0.224-ஐ ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, அரைமீட்சி நேரத்தால் வகுத்தால் கிடைப்பது). இதே அளவை ஒட்டி வந்தால் நலம். அதைவிட முக்கியம் நகரும் பங்கு. அது 90 சதவீதத்துக்குக் கீழே போனால் அன்றைய தகட்டைத் தூக்கிப் போடுங்கள். நகராத ஃபேபைப் பிடித்த ஏற்பி நடுவே போக முடியாது. உங்கள் இரண்டாவது சிக்கல் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

படலம் ஏன் கெடுகிறது? முதல் காரணம் கண்ணாடியின் அழுக்கு. 0.17 மில்லிமீட்டர் தடிமனுள்ள தகட்டை, அடர் கந்தக அமிலமும் 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடும் 3:1 கலந்த பிரானா கரைசலிலோ பிளாஸ்மா கருவியிலோ சுத்தம் செய்யுங்கள். பிரானாவைப் புகைபோக்கிப் பெட்டிக்குள், கண்ணாடிப் பாத்திரத்தில் மட்டும் கையாள வேண்டும். அசிட்டோன், ஆல்கஹால் எதுவும் அருகில் இருக்கக் கூடாது, வெடிக்கும். சுத்தம் செய்த தகட்டை அன்றே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே பயன்படுத்துங்கள். காற்றில் கிடந்தால் கரிமப் படிவு மீண்டும் ஏறிவிடும்.

இரண்டாவது, காற்று. படலம் உருவான பிறகு ஒரு நொடி உலர்ந்தாலும் கிழிந்துவிடும். கழுவும்போது எப்போதும் தகட்டின் மேல் திரவம் நிற்கட்டும். பாதியை எடுத்துப் பாதியை ஊற்றுங்கள். பிப்பெட் முனையிலிருந்து விழும் ஒரு காற்றுக்குமிழ் போதும், காலை முழுவதும் செய்த வேலை வீண்.

மூன்றாவது, நிக்கல் கொழுப்பின் அளவு. ஹிஸ்-டேக் (நிக்கலில் ஒட்டும் சிறு வால்) உள்ள புரதத்தைப் பிடிக்க 2 மோல் சதவீதம் போதும். மீதி பிஓபிசி அல்லது டிஓபிசி என்ற சாதாரணக் கொழுப்பு. 10 சதவீதத்துக்கு மேல் போட்டால் ஒரு புரதமே பல இடத்தில் பிடிபட்டு மெதுவாகிறது. நிக்கல் பிடியை உடைப்பவையும் உண்டு. சுத்திகரிப்பின்போது புரதத்தோடு தங்கிய இமிடசோல், ஈடிடிஏ, ஈஜிடிஏ, டிடிடி எல்லாம் அந்தப் பிடியைக் கெடுக்கும். கால்சியம் இல்லாத கட்டுப்பாட்டுக்கு ஈஜிடிஏ ஊற்றியிருந்தால், கால்சியத்தோடு புரதத்தையும் படலத்திலிருந்து கழற்றியிருக்கக் கூடும். புரதக் கரைசலைப் படலத்தில் விடுமுன் அதிவேக மையவிலக்கில் சுழற்றித் திரள்களை நீக்குங்கள். சாயமேற்றிய புரதத்தில் தெரியும் நகராத பளிச்சென்ற புள்ளிகள் பல நேரம் திரண்ட புரதமே.

படலம் தேறிவிட்டும் கொத்துகள் நகரவில்லையென்றால் வெப்பநிலையைப் பாருங்கள். கொத்துகளை நடுவுக்கு இழுப்பது ஆக்டினின் பின்னோட்டம், அதாவது செல்லின் ஆக்டின் இழைகள் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஓடுவது. அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 0.1 மைக்ரோமீட்டர். அறை வெப்பநிலையில் அது தளர்ந்துவிடும். மேடையைச் சூடாக்கினால் மட்டும் போதாது. எண்ணெய் தொட்டுக்கொண்டிருக்கும் ஆப்ஜெக்டிவ் தகட்டின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஆப்ஜெக்டிவுக்கும் சூடேற்றும் பட்டை வேண்டும். திரவத்துக்குள் வெப்பமானியை விட்டு 37 டிகிரி செல்சியஸ் இருக்கிறதா என்று அளங்கள். கருவித் திரையில் தெரியும் எண்ணை நம்பாதீர்கள். செல்லின் மேலுள்ள எல்எஃப்ஏ-1 புரதம் ஐகேமைப் பிடிக்க மெக்னீசியம் தேவை. கரைசலில் 1 மில்லிமோலார் கால்சியமும் 2 மில்லிமோலார் மெக்னீசியமும் இருக்கட்டும். ஐகேம் அடர்த்தி சதுர மைக்ரோமீட்டருக்கு 200 மூலக்கூறு அளவில் இருந்தால் செல் நன்றாகப் பரவும்.

ஏற்பியைச் செல்லின் மேலேயே சாயமேற்றுகிறீர்களா? அப்படியெனில் அது முழு எதிர்ப்புரதமா, ஃபேபா என்று பாருங்கள். முழு எதிர்ப்புரதத்துக்கு இரண்டு கை. இரு ஏற்பிகளைக் கோத்துத் தானே தூண்டிவிடும். கட்டுப்பாட்டுச் செல்கள் ஒளிர இதுவும் போதுமான காரணம். படலத்து ஃபேபுக்கே சாயமேற்றுவது பாதுகாப்பு.

லேசர் பற்றி: விநாடிக்கு 0.1 மைக்ரோமீட்டர் வேகத்துக்கு 2 விநாடிக்கு ஒரு படம் எடுத்தாலே தாராளம். கால்சியத்துக்கு 3 முதல் 5 விநாடிக்கு ஒன்று. இடையில் ஷட்டரை மூடுங்கள். செல் சுருங்கி, சவ்வில் கொப்புளம் தள்ளினால் ஒளிநச்சு.

இவ்வளவுக்குப் பிறகும் கட்டுப்பாடு ஏறினால் ஜுர்காட்டைச் சந்தேகிக்கலாம். இந்தச் செல்வழியில் பிடென் என்ற அடக்கும் புரதம் இல்லை. அதனால் பிஐ3கே என்ற சமிக்ஞைப் பாதை தூண்டலின்றியே உயர்ந்து நிற்கும். மைக்கோபிளாஸ்மா சோதனை செய்யுங்கள், மில்லிலிட்டருக்கு 10 லட்சம் செல்லைத் தாண்ட விடாதீர்கள். அதன் பின் இரத்தத்திலிருந்து பிரித்த டி செல்களை எதிர்மறைத் தேர்வு முறையில் (டி செல்லைத் தொடாமல் மற்றவற்றை நீக்குவது) எடுத்து, இதே மூன்று படலங்களில் ஒரே நாளில் ஓட்டுங்கள்: புரதமற்றது, ஐகேம் மட்டும், ஐகேமும் ஃபேபும். செல்லை விடும் முன் ஒவ்வொரு தகட்டிலும் ஃப்ராப் எடுத்துக் கோப்பில் சேர்த்துவையுங்கள்.