முழங்கால் நோவுக்கு நொச்சி எண்ணெய்: வார்ஃபரின் எடுக்கிற அம்மாவுக்குப் பூசலாமா?

மட்டக்களப்பு, படுவான்கரையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்:

“அம்மாவுக்கு 63 வயது. வயல் வேலை செய்து பழகின உடம்பு. இரண்டு வருடமாக இரண்டு முழங்காலும் நோகுது. குந்தி எழும்பினாலும் படி ஏறினாலும் கூடுது. நீரிழிவு இருக்கிறது, உள்ளங்கால் மரத்துப்போன மாதிரி என்பார். இதய வால்வு மாற்றினதால் வார்ஃபரின் குளிசையும் எடுக்கிறார். வீட்டில் நொச்சி எண்ணெய் காய்ச்சிப் பூசுகிறோம். அதில் நோவு குறையாத நாளில் விண்டர்கிறீன் எண்ணெய் தேய்த்து, மேலே சுடுதண்ணிப் போத்தல் வைப்போம். பக்கத்து வீட்டு மாமி எருக்கிலையை வாட்டிக் கட்டச் சொல்கிறார். எதைச் செய்யலாம்? கிளினிக்கில் சொன்னால் ஏசுவார்களோ என்று அம்மா எதையும் சொல்வதில்லை.”

நொச்சி எண்ணெயைப் பூசுங்கள் தங்கச்சி, அதில் பெரிய பயமில்லை. விண்டர்கிறீன் போத்தலை இன்றோடு நிறுத்துங்கள். எருக்கிலை உங்கள் அம்மாவுக்கு வேண்டாம். இனி காரணத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் வெறும் ‘வேண்டாம்’ என்று சொன்னால் அடுத்த கிழமை வேறொரு போத்தல் வீட்டுக்குள் வந்துவிடும்.

விண்டர்கிறீன் எண்ணெயில் இருப்பது மெத்தில் சாலிசிலேட். அஸ்பிரினின் குடும்பம். பூசினால் தோலோடு நிற்காமல் உள்ளே இறங்கி இரத்தத்தில் கலக்கும். எவ்வளவு கலக்கும் என்பது பூசுகிற விதத்தைப் பொறுத்தது. பெரிய பரப்பில் பூசினாலும், அழுத்தித் தேய்த்தாலும், துணி சுற்றிக் கட்டினாலும், மேலே சூடு வைத்தாலும் உள்ளே போகிற அளவு கூடும். நீங்கள் செய்ததில் தேய்ப்பும் சூடும் இரண்டுமே இருக்கின்றன. வார்ஃபரின் இரத்தம் உறைவதை மெதுவாக்குவதற்காகக் கொடுக்கப்படுவது. சாலிசிலேட்டும் அதோடு சேர்ந்தால் இரத்தப்போக்குக்கு வழி திறக்கும். பூசுகிற மருந்தாலேயே வார்ஃபரின் எடுப்பவர்களின் ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டுகிற சோதனை அளவு) கூடிப்போன சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன.

‘இயற்கை எண்ணெய்தானே’ என்று சிலர் சொல்வார்கள். கடையில் கிடைக்கிற போத்தல்களில் பெரும்பாலானவை தொழிற்சாலையில் செய்த மெத்தில் சாலிசிலேட்தான். இலையிலிருந்து எடுத்ததாக இருந்தாலும் மூலக்கூறு அதேதான், வேலையும் அதேதான். இன்னொன்று, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்தப் போத்தலை அலுமாரிக்குள் பூட்டி வையுங்கள். சுத்தமான விண்டர்கிறீன் எண்ணெய் ஒரு தேக்கரண்டியில், அதாவது 5 மில்லிலீற்றரில், சுமார் 7 கிராம் சாலிசிலேட் இருக்கிறது. 300 மில்லிகிராம் அஸ்பிரின் குளிசை இருபதுக்கு மேல் விழுங்கினதுக்குச் சமம். மணம் நன்றாக இருப்பதால் பிள்ளை வாயில் வைத்துவிடும்.

பாம், தைலம் என்று விற்கிற பலவற்றிலும் இதே பொருள் கூடியோ குறைந்தோ இருக்கிறது. வாங்கும்போது லேபலைத் திருப்பிப் பார்த்து ‘மெத்தில் சாலிசிலேட்’ அல்லது ‘விண்டர்கிறீன்’ என்று இருந்தால் அம்மாவுக்கு வாங்காதீர்கள். லேபலே இல்லாத போத்தல் என்றால் கேள்வியே வேண்டாம்.

சரி, இந்தப் பூச்சு மருந்துகள் உண்மையில் நோவைக் குறைக்கின்றனவா? குறைக்கின்றன, ஆனால் நாம் நினைக்கிற வழியில் அல்ல. மெந்தோல் தோலில் குளிரை உணர்கிற நரம்பு முனைகளைத் தூண்டும். கொச்சிக்காயின் உறைப்பான கப்சைசின் சூட்டை உணர்கிற முனைகளைத் தூண்டி, தொடர்ந்து பூசி வந்தால் அவற்றைக் களைக்க வைக்கும். இவை எதுவும் மூட்டில் தேய்ந்துபோன குருத்தெலும்பைத் திருப்பி வளர்ப்பதில்லை. கையால் தேய்ப்பதே பாதி மருந்து. தொடுகை நரம்புகள் சுறுசுறுப்பானால் முதுகுத்தண்டில் நோவுச் செய்தி தடைபடும் என்று நோவு ஆய்வாளர்களான மெல்சாக், வால் இருவரும் 1965இல் விளக்கினார்கள். நோகிற இடத்தில் தாமாகவே கையை வைத்துத் தேய்க்கிறோமே, அதற்கு ஒரு காரணம் அது. ஆகவே மகள் பக்கத்தில் இருந்து பத்து நிமிடம் மெதுவாகத் தேய்த்துவிடுவதை ‘சும்மா எண்ணெய்’ என்று யாரும் குறைத்துச் சொல்ல வேண்டாம்.

நொச்சிக்கு நம் வைத்தியத்தில் நீண்ட பாவனை உண்டு. வாதம், வீக்கம் என்று வருகிறவர்களுக்குப் பரியாரிமார் எண்ணெயாகவும் வேதுவாகவும் கொடுத்து வந்தது அது. மூட்டுத் தேய்மானத்துக்குப் பூசுகிற மூலிகைகள் பற்றி 2013இல் வந்த கொக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடுகிற அமைப்பு) ஆய்வுத் தொகுப்பைப் பார்த்தால், ஆர்னிக்கா ஜெல்லும் கொம்பிரி சாற்று ஜெல்லும் ஓரளவு உதவக்கூடும் என்று தெரிகிறது, கொச்சிக்காய்ச் சாற்று ஜெல் அதில் சோதித்த அளவில் பெரிதாக உதவவில்லை. நொச்சி அந்தத் தொகுப்பில் இல்லை. அதனால் நொச்சி வேலை செய்யாது என்றாகிவிடாது, பெரிய அளவில் சோதித்துப் பார்த்ததாகவும் ஆகாது. என் கணக்கில் அது அனுபவம் பேசுகிற மருந்து. ஆபத்துக் குறைவு, செலவு இல்லை, நிம்மதி உண்டு. அந்த அளவோடு எதிர்பார்த்தால் ஏமாற மாட்டீர்கள்.

காய்ச்சுகிற முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நூல்களில் உள்ள அளவு, அரைத்த இலைக் கற்கம் ஒரு பங்கு, எண்ணெய் நான்கு பங்கு, இலைச்சாறு பதினாறு பங்கு. வீட்டுக் கணக்கில் ஒரு கிளாஸ் நல்லெண்ணெய்க்கு நான்கு கிளாஸ் சாறும் கால் கிளாஸ் அரைத்த இலையும். அவ்வளவு சாறு எடுக்க எவ்வளவு இலை வேண்டும் என்பது இடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதனால்தான் பலர் இலையை எண்ணெயில் பொரித்து ‘நொச்சி எண்ணெய்’ என்று சொல்லிவிடுகிறார்கள். அது வெறும் வாசனை எண்ணெய். அடுப்பு தணலாக இருக்கட்டும். சாறு வற்றி, அடியிலுள்ள கற்கம் மெழுகுபோல் கையில் உருளும்போது ஒரு திரியை அந்த எண்ணெயில் நனைத்துக் கொளுத்துங்கள். சடசடவென்று வெடித்தால் தண்ணீர் இன்னும் இருக்கிறது, இறக்க வேண்டாம். தண்ணீர் தங்கின எண்ணெயில் பூஞ்சணம் பிடிக்கும். ஆறினதும் வடித்து, ஈரமில்லாத கண்ணாடிப் போத்தலில் ஊற்றி வையுங்கள். ஒரு மாதத்துக்குப் போதுமான அளவே காய்ச்சுங்கள். காறல் மணம் வந்தால் ஊற்றிவிட்டுப் புதிதாகக் காய்ச்சுங்கள்.

இலை பறிக்கிற இடமும் முக்கியம். வரம்போரம், வாய்க்காலோரம் நொச்சி செழித்து நிற்கும்தான், ஆனால் நெல்லுக்குக் களைநாசினி அடித்த வயலோரத்து இலை வேண்டாம். வேலியில் ஒரு தடி நட்டு வைத்தால் அடுத்த வருடம் உங்கள் முற்றத்திலேயே பறிக்கலாம்.

முதல் தரம் பூசும் முன் முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு சொட்டுத் தடவி ஒரு நாள் பாருங்கள். சிவந்தாலோ கடித்தாலோ வேண்டாம். புண், சிரங்கு, வெடிப்பு உள்ள தோலில் பூசக்கூடாது. வார்ஃபரின் எடுக்கிறவருக்கு அமுக்கிப் பிசைகிற உருவுதல் கூடாது, தோலுக்கடியில் இரத்தம் கண்டிவிடும். உள்ளங்கையால் மெதுவாக வட்டமாகத் தேய்த்தால் போதும்.

சூட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அம்மாவின் உள்ளங்கால் மரத்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது நீரிழிவால் நரம்பு பாதிக்கப்பட்டதன் அடையாளமாக இருக்கலாம். அப்படிப்பட்டவருக்குச் சூடு அளவாக இருக்கிறதா, கொப்பளிக்கிற அளவுக்குப் போய்விட்டதா என்று தெரியாது. சுடுதண்ணிப் போத்தலும் வறுத்த மணல் ஒத்தணமும் ஆபத்தாவது இப்படித்தான். நோவு பொறுக்காமல் வைத்த ஒத்தணம் ஆறாத புண்ணாகி, காலின் விரலே போன கதைகளை நம் ஊரில் எந்தச் சர்க்கரை கிளினிக் வாசலிலும் கேட்கலாம். முழங்காலில் உணர்ச்சி சரியாக இருக்கலாம், என்றாலும் போத்தல் சறுக்கிக் கீழே வந்தால் யார் பார்ப்பது? நொச்சி எண்ணெயை இளஞ்சூடாக்கிப் பூசுங்கள், சூட்டை உங்கள் முழங்கையால் சோதியுங்கள், அம்மாவின் கையால் வேண்டாம். பாதத்துக்கு ஒத்தணமே தேவையில்லை.

எருக்கிலை விஷயம். மாமி நல்ல மனதோடு சொல்கிறார், பலருக்கு அது ஒத்துப்போயும் இருக்கும். ஆனால் எருக்கம்பால் தோலை எரிக்கக்கூடியது, கண்ணில் பட்டால் கருவிழியே பாதிக்கப்படும். இலையை வாட்டி இரவு முழுக்கக் கட்டி வைத்தால் சூடும் பாலும் சேர்ந்து கொப்பளம் போடலாம். நீரிழிவுக்காரருக்கு ஒரு கொப்பளம் என்பது கிழமைக் கணக்கான வேலை. பச்சை உள்ளியை அரைத்துக் கட்டுவதும், சேராங்கொட்டை, கொடிவேலி வகைகளும் இதே வரிசைதான். பயின்ற சித்த வைத்தியர் சுத்தி செய்து, அளவு பார்த்துக் கொடுக்கிறவற்றை வீட்டில் பரீட்சித்துப் பார்க்கக்கூடாது. பரியாரியாரிடம் போவதென்றால் ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிந்தவரா என்று கேட்பதில் தப்பில்லை. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் சித்த வைத்தியர்களும் அங்கேதான் பதிவாகிறார்கள்.

எந்த நோவுக்கு எண்ணெயே எடுக்கக்கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வயலில் இறங்கி வேலை செய்த ஒருவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் தொட முடியாமல் நொந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். மாரிப்போகத்தில் நம் பக்கத்தில் இதை மறக்கவே கூடாது. வேலை அலுப்பு என்று எண்ணெய் தேய்த்துப் படுக்க வைத்துவிட்டு, சிறுநீரகம் பாதித்த பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். வயலில் இறங்கும் காலத்தில் இதைத் தடுக்க டொக்சிசைக்கிளின் குளிசை இருக்கிறது. யாருக்குப் பொருத்தம், எப்படி எடுப்பது என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் கேளுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி நொந்தால் உள்ளே இரத்தக்கட்டி இருக்கலாம், அதைத் தேய்த்தால் கட்டி இடம்பெயரக்கூடும். முழங்கால் சிவந்து கொதித்துக் காய்ச்சலும் வந்தாலோ, விழுந்தபின் காலூன்ற முடியாவிட்டாலோ, நெஞ்சோ இடது தோளோ நொந்து வியர்த்தாலோ, பாம் போத்தலைத் தேடாமல் வாகனத்தைத் தேடுங்கள். உங்கள் அம்மாவுக்குத் தனியாக ஒன்று: முழங்கால் திடீரென்று உருண்டு வீங்கினால் மூட்டுக்குள் இரத்தம் கசிந்திருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும்.

எண்ணெயை விட முழங்காலுக்குப் பலன் தருவது தொடைத் தசை. கதிரையில் இருந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து வரை எண்ணிவிட்டு இறக்கட்டும். காலுக்குப் பத்துத் தரம், காலையும் மாலையும். நொந்தால் குறைத்துக்கொள்ளலாம். பலகையில் குந்தி மீன் வெட்டுவதை மேசைக்கு மாற்றுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் பிசியோதெரபிப் பகுதி இருக்கிறது, கிளினிக்கில் கேட்டால் எழுதித் தருவார்கள். பூசுகிற டிக்ளோஃபெனாக் ஜெல்லும் முழங்கால் தேய்மானத்துக்கு முதலில் கொடுக்கிற மருந்துகளில் ஒன்று, ஆனால் வார்ஃபரின் இருப்பதால் அதை வைத்தியர் சொல்லாமல் பாமசியில் நீங்களாக வாங்க வேண்டாம். வாயால் எடுக்கிற நோக்குளிசைகளுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும்.

கடைசியாக, கிளினிக்கில் சொல்வது. போத்தல்களை ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். ஒருவர் ஏசினாலும் ஏசட்டும், அவருக்குத் தேவையான தகவல் கிடைத்துவிடும். விண்டர்கிறீனை எத்தனை நாளாகப் பூசினீர்கள், எப்போது நிறுத்தினீர்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள், ஏனென்றால் அதை நிறுத்தின பிறகு ஐ.என்.ஆர். கீழே இறங்கலாம், வார்ஃபரின் அளவை அதற்கேற்ப அவர்கள் பார்க்க வேண்டியிருக்கும். அடுத்த திகதி தூரமாக இருந்தால் காத்திராமல் முன்னதாகவே இரத்தம் சோதிக்கக் கேளுங்கள். அதற்குள் பல் ஈறில் இரத்தம், சிறுநீர் சிவப்பு, மலம் கறுப்பு, காரணமில்லாமல் கண்டின தோல் இவற்றில் எது கண்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.