டொக்டர் பதில்: ஹார்ட் சுகம், ஆனா படிப்பு பிந்துது

கேள்வி: டொக்டர், என்ட மகனுக்கு 8 வயசு. கைக்குழந்தையா இருக்கேக்க ஃபாலோட் எண்ட பிறவி ஹார்ட் வருத்தத்துக்கு ஓப்பன் ஹார்ட் ஒப்பரேஷன் செய்தது, கிளினிக்ல எல்லாம் நல்லம் எண்டுதான் சொல்றாங்க. ஆனா போர்ட்ல இருக்கிறத பார்த்து எழுதி முடிக்க முதல் ரீச்சர் அழிச்சிடுறா, ரெண்டு வேலை சேர்த்துச் சொன்னா ஒண்ட மறந்துடுவான். வாய்ப்பேச்சுல கெட்டிக்காரன். எல்லாரும் சோம்பேறி எண்டு ஏசுறாங்க. இன்னும் ரெண்டு வருஷத்துல அஞ்சாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப் சோதினை வேற. மாமி ஓடி விளையாடவும் விடுறதில்ல. என்ன செய்ய?
ஒரு அம்மா, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, முதல்ல அந்த சோம்பேறி எண்ட பேச்ச வீட்டிலயும் ஸ்கூல்லயும் நிப்பாட்டுங்க. சின்னதிலயே ஹார்ட் ஒப்பரேஷன் செய்த பிள்ளைகள்ட்ட இது நாங்க அடிக்கடி பார்க்கிற விஷயம், கவனம், ஒண்டுக்குப் பிறகு ஒண்டா வேலைய ஒழுங்குபடுத்துறது, கண் பார்க்கிறத கை எழுதுறது, இதுகள்லதான் இடறும். பொதுவான புத்தி நல்லாத்தான் இருக்கும், வாயும் நல்லாப் பேசும், அதாலதான் ஒருத்தருக்கும் விளங்குறதில்ல. ஒப்பரேஷன் மட்டும் காரணமில்ல. சில ஹார்ட் வருத்தங்கள்ல வயித்துக்குள்ள இருக்கேக்கயே மூளைக்கு ஒக்சிஜன் குறைஞ்சு வளர்ச்சி கொஞ்சம் பிந்தும், பிறகு நீலம் பாய்ஞ்சு இருந்த காலம், ஒப்பரேஷனுக்குள்ள ஹார்ட்-லங் மெஷின்ல இருந்த நேரம், ஐசியூ நாட்கள், சிலருக்கு 22ஆம் குரோமோசோம்ல ஒரு சின்னத் துண்டு இல்லாமப் போறது, எல்லாம் சேருது. உங்கட பிழை ஒண்டும் இல்ல.

பெரிய ரத்தக்குழாய் ரெண்டும் இடம் மாறிப் பிறந்த பிள்ளைகள பொஸ்டன்ல 16 வயசு வரைக்கும் பின்தொடர்ந்து பார்த்தாங்க, 2011ல வந்த அந்த ஆய்வுல பாதிக்கு மேல பேருக்கு படிப்புலயோ நடத்தையிலயோ மேலதிக உதவி தேவைப்பட்டிருக்கு. அமெரிக்க இதய சங்கம் 2012லயே சொல்லிட்டுது, கைக்குழந்தையிலயே ஓப்பன் ஹார்ட் ஒப்பரேஷன் செய்த பிள்ளைகள 1-2 வயசு, 3-5 வயசு, 11-12 வயசு எண்டு திரும்பத் திரும்ப வளர்ச்சிப் பரிசோதனை செய்யோணும் எண்டு. எக்கோ எண்ட ஹார்ட் ஸ்கேன் நல்லா வந்தா போதும் எண்டு வீட்ட போயிடுறம், எனக்கு அதுதான் பெரிய கவலை.

அடுத்த கிளினிக்ல நீங்களாவே கேட்டு, பிள்ளை வளர்ச்சியப் பார்க்கிற கிளினிக்குக்கு ஒரு கடிதம் வாங்குங்க. கண், காது ரெண்டையும் செக் பண்ணுங்க. எழுத்துக்கு, கை வேலைகளப் பழக்குற ஒக்குபேஷனல் தெரபிஸ்ட் நல்லா உதவுவாங்க. ஸ்கொலர்ஷிப்புக்கெண்டு இன்னொரு டியூஷன் போட்டு பிள்ளைய களைக்க வைக்காதீங்க, தயவுசெய்து.

மாமிட பயம் விளங்குது, ஆனா வெட்டின நெஞ்செலும்பு ரெண்டு மாசம் அளவுல பொருந்திடும், நல்லா சுகமான பிள்ளைகள்ல கனபேர் மற்றவங்க மாதிரி ஓடலாம். மகனுக்கு எந்த விளையாட்டு சரி எண்டு ஹார்ட் டொக்டர்ட்ட கேட்டுட்டு பின்னேரம் காலிமுகத்திடல்ல ஓட விடுங்க. ஓடேக்க மயக்கம், நெஞ்சு நோ, படபடப்பு வந்தா உடனே நிப்பாட்டிக் காட்டோணும். ஃபாலோட் ஒப்பரேஷனுக்குப் பிறகு நுரையீரலுக்குப் போற வால்வு ஒழுகுறது சாதாரணம், வருஷங்கள் போய் சிலருக்கு வால்வு மாத்தவும் வேணும், அதால கிளினிக்க விடவே கூடாது.

பரிசோதனை முடிஞ்சதும் ரிப்போர்ட்ட ஒரு கொப்பி எடுத்து ரீச்சர்ட்ட குடுங்க, முன் வாங்குல இருத்தி, ஒரு தரத்துல ஒரு வேலை மட்டும் சொல்லி, எழுத கொஞ்சம் கூட நேரம் குடுக்கச் சொல்லிக் கேளுங்க.