"அடிக்கிறானா, குடிக்கிறானா, அப்புறம் என்ன?" - வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல 'காதல் தி கோர்'ங்கற மலையாளப் படத்த பத்தி போற போக்குல நாலு வரி எழுதினேன். அதுக்கு இந்த மாசம் வந்த மெயில்ல பாதிக்கு மேல திட்டு, மீதி சந்தேகம். படம் பாக்காதவங்களுக்காக சுருக்கமா: கோட்டயம் மாவட்டத்துல தீக்கோயின்னு ஒரு மலையோர ஊர். பேங்க்ல வேலை பாத்து ரிட்டயர் ஆன மேத்யூ தேவஸி (மம்மூட்டி) அங்க பஞ்சாயத்து இடைத்தேர்தல்ல இடதுசாரி ஆதரவோட நிக்கப்போறாரு, சரியா அந்த நேரம் பாத்து அவர் பொண்டாட்டி ஓமனா (ஜோதிகா) டைவர்ஸ் கேட்டு கோர்ட்டுக்கு போயிட்டது வெளிய வருது. காரணம், புருஷன் ஓரினச்சேர்க்கையாளர், ஊர்லயே டிரைவிங் ஸ்கூல் நடத்துற தங்கனோட அவருக்கு ரொம்ப நாளா உறவு. மீதி கதை கேள்விகள்லயே வந்துடும், முடிவு தெரிஞ்சா பிடிக்காதுங்கறவங்க படத்த பாத்துட்டு வாங்க.

கே: மேத்யூ குடிக்கல, அடிக்கல, ஊர்ல மரியாதையான மனுஷன். காலேஜ் படிக்கிற பொண்ணு இருக்கு. 20 வருஷம் பொறுத்தவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் பொறுக்க முடியாதா? இது குடும்பப் படமா, குடும்பத்த கெடுக்கிற படமா? (ஓய்வு பெற்ற ஆசிரியர், கோவை)

ப: சார், உங்க கேள்விய படிச்சதும் எங்க தெருவுல எத்தனையோ பஞ்சாயத்துல கேட்ட குரல் ஞாபகம் வந்துச்சு. பொண்ணு பொட்டிய தூக்கிட்டு அம்மா வீட்டுக்கு வந்து நின்னா முதல் கேள்வி "அடிக்கிறானா?", ரெண்டாவது "குடிக்கிறானா?", ரெண்டுக்கும் இல்லன்னு தலையாட்டிட்டா விசாரணை முடிஞ்சுது, காபிய குடிச்சிட்டு கெளம்பும்மா. மூணாவதா ஒரு கேள்வி இருக்குன்னு நமக்கு தோணவே தோணாது, தோணினாலும் கேக்க வாய் வராது. ஓமனா அந்த மூணாவது கேள்விக்கான பதில கோர்ட்ல எழுந்து நின்னு சொல்றா, 20 வருஷத்துல புருஷனும் பொண்டாட்டியுமா இருந்தது நாலே தடவைன்னு.

நான் இத வீட்ல அம்மாவோட பாத்தேன். அம்மா முருங்கைக்கீரை ஆஞ்சிட்டே, பாதி கண்ண டிவில வச்சிட்டு, "என்ன எல்லாரும் இவ்ளோ மெதுவா பேசுறாங்க"ன்னு அலுத்துக்கிட்டு இருந்தாங்க. அந்த நாலு தடவைங்கற இடத்துல கை நின்னுடுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு "இத அவ இத்தன வருஷம் யார்கிட்ட சொல்லிருப்பா"ன்னு மட்டும் கேட்டாங்க. அம்மாவுக்கு 71 வயசு, புரட்சிக்கும் அவங்களுக்கும் சம்பந்தமே கிடையாது.

கெடுத்தது யாருன்னு கேக்குறீங்கல்ல, படத்துலயே பதில் இருக்கு, மேத்யூவோட அப்பா. கல்யாணத்துக்கு முன்னாடியே மகன் எப்படிப்பட்டவன்னு அவருக்கு தெரியும். தெரிஞ்சும் நம்ம ஊர்ல சொல்ற மாதிரி ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாயிடும்னு நினைச்சாரு. மகனுக்கு போட்ட கட்டுல சம்பந்தமே இல்லாத ஒரு பொண்ணோட காலும் சேர்ந்து மாட்டிக்கிச்சு. அந்த வயசான மனுஷன் கடைசில சாட்சி கூண்டுல ஏறி மருமக சொல்றது உண்மைதான்னு சொல்ற இடம்தான் எனக்கு படத்துலயே பெரிய இடம். ஆனா ஒரு குறை, படம் அவர கொஞ்சம் சீக்கிரமாவே மன்னிச்சிடுது. ரெண்டு பேரோட 20 வருஷம் சார்.

இன்னொன்னு, ஓமனா புருஷன பழிவாங்க கேஸ் போடல. கேஸ் நடக்கும்போதும் அதே வீட்லதான் இருக்கா. எனக்காக மட்டும் இல்ல, உங்களுக்காகவும்தான் இந்த பிரிவுன்னு அவ ஒரு ராத்திரி சொல்லும்போது அதுவரைக்கும் கோர்ட்ல எல்லாத்தையும் மறுத்துட்டு இருந்த மேத்யூ அவள கட்டிப்பிடிச்சு "என்டெ தெய்வமே"ன்னு ஒரு அழுக அழுவாரு பாருங்க. அதுக்கு சப்டைட்டில் வேணாம்.

கே: தமிழ்ல காதல்னா லவ். அப்புறம் எதுக்கு பக்கத்துலயே 'தி கோர்'? (கல்லூரி மாணவர், நெல்லை)

ப: தம்பி, இது நல்ல கேள்வி, நானும் முதல்ல ஏதோ ஸ்டைலுக்கு போட்ருக்காங்கன்னுதான் நினைச்சேன். மலையாளத்துல காதல்னா மரத்தோட நடுவுல இருக்கற கெட்டியான பகுதி, நாம வைரம் பாஞ்ச கட்டைன்னு சொல்லுவோம்ல அந்த வைரம். உள்ளீடு, சாரம்னும் சொல்லலாம். அவங்க லவ்வுக்கு சாதாரணமா சொல்ற வார்த்தை பிரணயம். நம்ம அர்த்தமும் அவங்களுக்கு சினிமா பாட்டு மூலமா நல்லா தெரியும்ங்கறதால ஒரே பேர்ல ரெண்டு கதவு வச்சிருக்காங்க. தமிழ்க்காரங்க நமக்கு ஒரு கதவுதான் கண்ணுல படுது.

கே: ஜோதிகா சொந்தக் குரல்ல மலையாளம் பேசிருக்காங்களா? (சேலம் வாசகி)

ப: இல்ல. குரல் குடுத்தது ஜோமோள், மலையாளத்துல ஹீரோயினா இருந்தவங்க. குரல் அவங்களோடது, ஆனா பேசாம நிக்கற இடம் பூராவும் ஜோதிகாதான், இந்தப் படத்துல பேசுறத விட அதுதான் அதிகம். 2009-க்கு அப்புறம் அவங்க மலையாளப் பக்கம் போனது இதுக்குத்தான்.

கே: ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டா முடியற விஷயம். எதுக்கு கோர்ட்ல எல்லாத்தையும் சந்தி சிரிக்க வைக்கணும்? வக்கீல்களுக்கு தெரியாதா? (ஜூனியர் வக்கீல், மதுரை)

ப: வக்கீலம்மா, நீங்க எனக்கு சொல்லித்தர வேண்டியத என்கிட்டயே கேக்குறீங்க. மியூச்சுவல்னா ரெண்டு கையெழுத்து வேணும்ல? மேத்யூ எதையுமே ஒத்துக்கல, தனக்கே ஒத்துக்காத மனுஷன் பேப்பர்ல எப்படி ஒத்துக்குவாரு? அதனால ஓமனாவுக்கு இருந்தது போராடி வாங்கற வழி மட்டும்தான்.

மத்தவங்களுக்காக கொஞ்சம் சட்டம். கிறிஸ்தவங்களுக்கு இன்னும் 1869-ம் வருஷத்து விவாகரத்து சட்டம்தான். அதுல 2001 வரைக்கும் ஒரு அநியாயம் இருந்துச்சு. பொண்டாட்டிக்கு வேற ஆளோட தொடர்புன்னு புருஷன் நிரூபிச்சா போதும் டைவர்ஸ், ஆனா பொண்டாட்டி கேட்டா அந்த தொடர்போட சேர்த்து கொடுமை, இல்ல விட்டுட்டு போனதுன்னு இன்னொன்னும் நிரூபிக்கணும். 1995-லயே கேரளா ஹைகோர்ட் அதுல ஒரு பகுதிய வெட்டி எறிஞ்சுது, அப்புறம் 2001-ல நாடாளுமன்றம் ஆணுக்கும் பொண்ணுக்கும் ஒரே காரணங்கள்னு திருத்திச்சு. மியூச்சுவல் டைவர்ஸும் அப்பதான் வந்துச்சு, 2 வருஷம் பிரிஞ்சிருக்கணும்னு கண்டிஷனோட. 2010-ல கேரளா ஹைகோர்ட் அத 1 வருஷம் ஆக்கி, 2022 டிசம்பர்ல அந்த 1 வருஷமும் அரசியல் சாசனத்துக்கு ஒத்துவராதுன்னு சொல்லிடுச்சு.

அந்த சட்டத்துல தாம்பத்தியத்துக்கே மறுத்தா டைவர்ஸ்னு ஒரு பிரிவு இருக்கு, ஆனா அது கல்யாணம் ஆனதுல இருந்து உறவே நடக்கலன்னாதான். ஓமனாவுக்கு பொண்ணு இருக்கே, அந்த நாலு தடவை அந்த பிரிவுக்கு வேட்டு வச்சிடுது. மிச்சம் இருக்கறதுல முக்கியமானது கொடுமைங்கற காரணம், அதுக்கு அடிச்ச தழும்பு வேணும்னு கட்டாயம் இல்ல, மனக்கொடுமையும் அதுல சேர்த்திதான்னு கோர்ட்டுங்க ரொம்ப நாளா சொல்லிட்டு வருது. இவ்ளோவும் முடிஞ்சாலும் கத்தோலிக்க குடும்பமா இருந்தா கோர்ட் பேப்பர வச்சு மட்டும் மறுபடி சர்ச்ல கல்யாணம் பண்ண முடியாது, முதல் கல்யாணம் செல்லாதுன்னு சர்ச் தனியா தீர்ப்பு சொல்லணும். அது படத்துல வராத இன்னொரு அலைச்சல்.

கே: 72 வயசுல ஒரு சூப்பர் ஸ்டார் இப்படி ஒரு ரோல் பண்ணிருக்காரு. நம்ம ஹீரோக்கள் பண்ணுவாங்களா? (திருச்சி வாசகர்)

ப: பண்ணட்டும், பண்ணும்போது கைதட்டலாம். மம்மூட்டி நடிச்சது மட்டும் இல்ல, அவர் கம்பெனிதான் தயாரிப்பும், அதாவது காசும் அவரோடது. 2023 நவம்பர் 23 தியேட்டர்ல ரிலீஸ். அதுக்கு ஒரு மாசம் முன்னாடி, அக்டோபர் 17-ம் தேதிதான் ஓரினத் திருமணத்த அங்கீகரிக்க முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லியிருந்துச்சு. அடுத்த வருஷம் அறிவிச்ச கேரள அரசு விருதுல இதுதான் சிறந்த படம், ஆனா சிறந்த நடிகர் விருது அவருக்கு இல்ல, பிருத்விராஜுக்கு போச்சு. இவ்ளோவும் இருந்தும் எல்லாரும் இத மம்மூட்டியோட தைரியம்னே பேசுறதுல எனக்கு லேசா எரிச்சல். கதைல தைரியம் யாருக்கு? முதல்ல கோர்ட் படி ஏறினது ஓமனாதானே. எழுதினது ஆதர்ஷ் சுகுமாரன், பால்சன் ஸ்கரியான்னு ரெண்டு பேர், அவங்க பேர யாராவது சொல்றாங்களா? ஆதர்ஷுக்கு சிறந்த கதைக்கான விருது கிடைச்சுது, அது வரைக்கும் சந்தோஷம். டைரக்டர் ஜியோ பேபி, சமையல்கட்டுல மாட்டிக்கிட்ட மருமகள வச்சு 2021-ல ஒரு படம் எடுத்து நிறைய வீட்ல சண்டை மூட்டி விட்டாரே, அவரேதான்.

கே: தங்கன் பாவம் இல்லையா? அவர பத்தி நீங்க ஒரு வரி கூட எழுதல. (பெயர் வேண்டாம், சென்னை)

ப: உங்க கோபம் நியாயம், தப்பு என்னோடது. மேத்யூவுக்கு வீடு இருக்கு, கட்சி இருக்கு, ஊர்ல பேர் இருக்கு, எல்லாம் போனாலும் தேர்தல்ல ஜெயிக்கவும் செய்றாரு. தங்கனுக்கு இருக்கறது ஒரு டிரைவிங் ஸ்கூலும் கூட வளர்ற அக்கா பையனும்தான். கேஸ் விஷயம் ஊர்ல பரவினதும் அந்த பையன் வாங்கற கேலி இருக்கே, அதான் எனக்கு தொண்டைல நின்னுச்சு. சுதி கோழிக்கோடு அந்த ரோல்ல கிட்டத்தட்ட பேசவே இல்ல, பாக்குறதுலயே ஓட்டிருக்காரு, கேரள அரசு விருது ஜூரி அவர தனியா பாராட்டினதுல ஆச்சரியம் இல்ல. ஆனா அவர் தரப்பு என்னன்னு படம் உக்காந்து கேக்கல. ரெண்டு பேருக்கும் நடுவுல அத்தனை வருஷம் என்ன இருந்துச்சுன்னு நாமளே ஊகிச்சுக்க வேண்டியதுதான். குடும்ப ஆடியன்ஸ் முகம் சுளிக்காம பாக்கணும்னு அந்த தூரத்த வச்சாங்கன்னு நினைக்கிறேன், அதுக்கு குடுத்த விலை தங்கன். கடைசில எல்லாரும் எல்லாரையும் புரிஞ்சிக்கிறதும் கொஞ்சம் சர்க்கரை தூக்கல்தான்.

கே: 17 வருஷ கல்யாணம். எங்க வீட்லயும் சண்டை இல்ல, பேச்சும் இல்ல, தனித்தனி ரூம். படம் பாத்துட்டு ரெண்டு நாள் தூங்கல. அவரும் மேத்யூ மாதிரியா இருக்குமோன்னு போன எடுத்து பாக்கலாமான்னு கூட தோணுது. என்ன பண்றது? (பெயர், ஊர் வேண்டாம்)

ப: அம்மா, முதல்ல அந்த போன கீழ வைங்க. மேத்யூ வீட்டு மௌனத்துக்கு ஒரு காரணம் இருந்துச்சு, உங்க வீட்டு மௌனத்துக்கும் அதே காரணமா இருக்கணும்னு இல்ல. சர்க்கரை வியாதி, பிரஷர் மாத்திரை, மனச்சோர்வு, வெளிய சொல்லாத கடன், 10 வருஷம் முன்னாடி ஏதோ ஒரு நாள் சொன்ன வார்த்தை, இப்படி ஆயிரம் இருக்கலாம். துப்பறிய கெளம்பினீங்கன்னா பதில் கிடைச்சாலும் பேச்சு கிடைக்காது.

அவர்கிட்ட பேசும்போது அவர பத்தி ஆரம்பிக்காதீங்க, "எனக்கு இந்த வீட்ல தனியா இருக்கற மாதிரி இருக்கு"ன்னு உங்கள பத்தி ஆரம்பிங்க. ராத்திரி படுக்கற நேரம் வேணாம், கார்லயோ பைக்லயோ போகும்போது பேசுங்க, நேருக்கு நேர் முகம் பாக்க வேணாங்கறதே நிறைய ஆம்பளைங்களுக்கு வசதி. அவர் வரலன்னாலும் நீங்க மட்டும் ஒரு கவுன்சிலர பாக்கலாம், ரெண்டு பேரும் போனாதான்னு ஒண்ணும் இல்ல. ஒருவேளை உங்க சந்தேகம் உண்மையாவே இருந்தாலும் அது அவர் பண்ணின குற்றம் இல்ல, 2018 செப்டம்பர் 6 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கு அப்புறம் சட்டத்துக்கும் அது குற்றம் இல்ல. ஆனா உங்ககிட்ட மறைச்சிருந்தா அத கேக்கற உரிமை உங்களுக்கு முழுசா இருக்கு, அதுக்காக நீங்க யார்கிட்டயும் மன்னிப்பு கேக்க வேணாம். எப்ப வேணா எழுதுங்க, இதழ்ல போடாம தனியா பதில் போடறேன்.

கே: இதே மாதிரி அடுத்து என்ன பாக்கலாம்? அழுகை கம்மியா இருந்தா நல்லது. (ஈரோடு வாசகி)

ப: அழுகை கம்மியான்னா என்கிட்ட வந்துருக்க கூடாது. 'உள்ளொழுக்கு' பாருங்க, 2024 படம், கிறிஸ்டோ டோமி டைரக்ஷன். குட்டநாட்டுல வெள்ளம், செத்துப்போன மகன அடக்கம் பண்ண தண்ணி வடியணும், அதுவரைக்கும் மாமியார் ஊர்வசியும் மருமக பார்வதியும் ஒரே வீட்ல, நடுவுல ஒரு ரகசியம். நம்ம காமெடி ஊர்வசின்னு நினைச்சு உக்காந்தீங்கன்னா பத்தே நிமிஷத்துல நிமிர்ந்து உக்காருவீங்க. அம்மா கீரைய ஆஞ்சு முடிச்சிட்டுதான் டிவி முன்னாடி வந்தாங்க இந்த தடவ.