மாவட்டம் பணக்கார மாவட்டமாம், எங்கள் ஊரில் ஒன்பதாம் வகுப்பு இல்லை

கேள்வி: அஞ்செட்டி பக்கம் மலைக்கிராமம் எங்களுடையது. பள்ளி எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதுக்குக் காட்டு வழியாகப் பஸ்ஸில் போக வேண்டும் என்பதால் பெண் பிள்ளைகள் பலர் எட்டோடு நின்றுவிடுகிறார்கள். உயர்நிலைப்பள்ளி கேட்டு மனு கொடுத்தோம். "தனிநபர் வருமானத்தில் கிருஷ்ணகிரி நல்ல நிலையில் இருக்கிறது, உங்களைவிடப் பின்தங்கிய மாவட்டங்கள் இருக்கின்றன" என்றார்கள். அந்தக் கணக்கு சரிதானா? நாங்கள் எந்தக் கணக்கைக் காட்டுவது?
(பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர்)

பதில்: கணக்கில் தப்பு இருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கணக்குக்கும் உங்கள் மனுவுக்கும் சம்பந்தம் இல்லை.

தனிநபர் வருமானம் என்றதும் வீடு வீடாகப் போய் வருமானம் கேட்டு எழுதியது போலத் தோன்றும். அப்படி யாரும் கேட்பதில்லை. மாவட்ட எல்லைக்குள் ஒரு வருடத்தில் எவ்வளவு மதிப்பு உருவானது என்று கூட்டி, அதை மக்கள்தொகையால் வகுக்கிறார்கள். மாநிலப் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை செய்யும் வேலை இது. உங்கள் வயலிலேயே பார்த்திருப்பீர்கள்: ராகி அறுவடை சமயத்தில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு பிடித்து, அந்தச் சதுரத்துக் கதிரை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போட்டு எழுதிக்கொண்டு போவார்கள். அதுவும் இந்தக் கணக்கில்தான் போய்ச் சேர்கிறது.

சரி, உங்கள் மாவட்டத்தின் தொழில் நகரமான ஓசூருக்கு வருவோம். ஒரு ஆலை 70,000 ரூபாய்க்கு உதிரிப்பாகம் வாங்கி, ஸ்கூட்டராக்கி 1,00,000 ரூபாய்க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். (எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை.) இடையில் உள்ள 30,000 ரூபாய் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பெயரில் ஏறும். அதில் ஒரு பங்குதான் தொழிலாளியின் சம்பளம். லாபம் வாங்கும் பங்குதாரர் மும்பையில் இருக்கலாம், ஆனாலும் தொகை இந்த மாவட்டக் கணக்கில்தான் நிற்கும். உங்கள் ஊரிலிருந்து பெங்களூருக்குச் சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவரின் கதை இதற்கு நேர் எதிர். அவர் அனுப்பும் பணத்தில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது, ஆனால் அவர் உழைப்பின் மதிப்பு கர்நாடகத்தின் கணக்கில் சேர்கிறது. பொருள் எங்கே உருவானது என்பதுதான் இந்தக் கணக்குக்குத் தெரியும். பணம் யார் வீட்டுக்குப் போனது என்பது தெரியாது.

இதற்குப் பழைய சாட்சியும் இருக்கிறது. வருமானம், கல்வி, ஆரோக்கியம் மூன்றையும் சேர்த்து மாவட்டங்களை வரிசைப்படுத்தி 2003-ல் வெளிவந்த மாநில மனித மேம்பாட்டு அறிக்கையில் தருமபுரிக்குக் கடைசி இடம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது அடுத்த வருடம், 2004-ல். அதாவது கடைசி இடம் வாங்கிய அந்தத் தருமபுரிக்குள்தான் ஓசூரின் தொழிற்சாலைகளும் இருந்தன, உங்கள் ஊரும் இருந்தது. பிரித்த பிறகும் 2011 கணக்கெடுப்பில் கிருஷ்ணகிரியின் எழுத்தறிவு 71.5%தான். மாநிலச் சராசரி 80.1%. இந்த இரண்டு எண்ணையும் மனுவின் முதல் பத்தியில் எழுதுங்கள். சராசரி வருமானத்தைக் காட்டி ஒரு பெண் பிள்ளையின் படிப்பைத் தள்ளிப்போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்து, ஊர் அளவுக் கணக்கு. 2011-க்கான மாவட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்புக் கையேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். உங்கள் வருவாய் கிராமத்தில் (வருவாய்த்துறைப் பதிவில் ஒரே ஊராக இருப்பது) எழுதப் படிக்கத் தெரிந்த ஆண் எத்தனை பேர், பெண் எத்தனை பேர் என்பது அதில் இருக்கிறது. பக்கத்து உயர்நிலைப்பள்ளி 5 கிலோமீட்டருக்குள்ளா, 5 முதல் 10-க்குள்ளா, 10-க்கு மேலா என்றும் போட்டிருப்பார்கள். ஒரு விஷயத்தில் கவனம் தேவை: ஒரே வருவாய் கிராமத்துக்குள் பல குக்கிராமங்கள், அதாவது கொட்டாய்கள், இருக்கும். கீழே உள்ள ஊருக்குப் பள்ளி பக்கம் என்றால், மேலே உள்ள உங்கள் கொட்டாய்க்கும் பக்கம் என்றே பதிவாகியிருக்கும்.

அதனால் எல்லாவற்றையும்விட வலுவான கணக்கை நீங்களேதான் எடுக்க வேண்டும். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தலைமை ஆசிரியரிடம் கேட்டு, கடந்த ஐந்து வருடத்தில் எட்டாம் வகுப்பு முடித்தவர்களை வருடவாரியாக எழுதுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் எதிரே ஆணா பெண்ணா, எந்தக் கொட்டாய், ஒன்பதில் சேர்ந்ததா, எந்தப் பள்ளி, சேராவிட்டால் இப்போது என்ன செய்கிறது என்று குறியுங்கள். நின்றுபோனவர்களின் வீட்டுக்கு நேரில் போய்க் கேளுங்கள். கல்யாணம் ஆகிவிட்டது என்றால் எந்த வயதில் என்பதையும் கேட்டு எழுதுங்கள், கேட்கச் சங்கடமாக இருந்தாலும். அப்புறம் இப்போது ஆறு, ஏழு, எட்டில் இருப்பவர்களை எண்ணுங்கள். அடுத்த மூன்று வருடத்தில் ஒன்பதுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும். 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அதனால்தான் ஒன்பதாம் வகுப்பின் தேவையை நாமே எண்ணிக் காட்ட வேண்டியிருக்கிறது.

மனுவில் பிள்ளைகளின் பெயர் வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும். நோட்டு உங்களிடமே இருக்கட்டும். அதை முதலில் கிராம சபையில் வாசித்துத் தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இதில் எது முதலில் வருகிறதோ அன்றைக்கே. தீர்மான நகலை மனுவோடு இணைத்து, திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுத்து, ரசீதைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வரவில்லை என்றால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். அதில் ஒரே கேள்வி போதும்: பள்ளிகளைத் தரம் உயர்த்தும் பட்டியலில் எங்கள் பள்ளி பரிசீலிக்கப்பட்டதா, எந்தக் காரணத்தால் விடப்பட்டது?