பீடி சுற்றும் பெண்களின் மனநலம் பற்றி ஆய்வு செய்ய நிதி எங்கே கிடைக்கும்?

கேள்வி இதுதான்: "எம்.எஸ்.டபிள்யூ. முடித்து, நெல்லையில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே பிஎச்.டி. பதிந்திருக்கிறேன். ஆலங்குளம், முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்களின் மனச்சோர்வுதான் தலைப்பு. நிதி யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது?"

யாரிடம் கேட்பது என்பதைப் பிறகு பார்ப்போம். கொடுத்தால் வாங்கிக்கொள்ள உங்களுக்கு வழி இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். நம் பக்கம் பாதி விண்ணப்பங்கள் அங்கேதான் அடிபடுகின்றன.

வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறீர்கள் என்றால் பெரும்பாலும் பகுதிநேரப் பதிவாக இருக்கும். அப்படியானால் மாதாமாதம் வரும் ஃபெலோஷிப் எதுவும் உங்களுக்கு இல்லை. யு.ஜி.சி. நெட் தேர்வில் சமூகப் பணி தனிப் பாடமாக இருக்கிறது. அதில் ஜே.ஆர்.எஃப்., அதாவது இளநிலை ஆராய்ச்சி ஃபெலோஷிப் கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000, அடுத்த மூன்று ஆண்டு 42,000. கலைப் பாடங்களுக்குக் கன்டின்ஜென்சி, அதாவது புத்தகம், பயணம் போன்ற சில்லறைச் செலவுக்கான தொகை, முதல் இரண்டு ஆண்டு வருடத்துக்கு 10,000, பிறகு 20,500. டெல்லியில் உள்ள இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐ.சி.எஸ்.எஸ்.ஆர்., பிஎச்.டி. மாணவர்களுக்கு மாதம் 20,000, கன்டின்ஜென்சி ஆண்டுக்கு 20,000 என்று அதிகபட்சம் இரண்டு ஆண்டு தருகிறது. பட்டியலினத்தவருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் தனித்தனி தேசிய ஃபெலோஷிப்கள் உண்டு. தமிழக ஆதிதிராவிடர் நலத்துறை முழுநேர பிஎச்.டி.க்கு ஆண்டுதோறும் ஊக்கத்தொகை தருகிறது. ஒரே நேரத்தில் இரண்டை வாங்க முடியாது. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக மாறுவது லாபமா என்பதை உங்கள் சம்பளத்தை வைத்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சுயநிதிக் கல்லூரிச் சம்பளத்தைப் பார்த்தால், ஜே.ஆர்.எஃப். கிடைத்தவருக்கு அந்தக் கணக்கு ரொம்ப நேரம் எடுக்காது.

ஃபெலோஷிப் கதவு மூடியிருந்தால் அடுத்தது புராஜெக்ட் கதவு. அங்கே முதன்மை ஆய்வாளர், அதாவது பி.ஐ., பிஎச்.டி. முடித்தவராக, நிரந்தரப் பணியில் இருப்பவராகக் கேட்பார்கள். ஆகவே உங்கள் கைடு பி.ஐ. ஆகட்டும், நீங்கள் அந்தப் புராஜெக்டில் ஆய்வு உதவியாளராகச் சேருங்கள். கைடு ஒத்துக்கொண்டாரா என்பதோடு, பணம் எந்த நிறுவனத்தின் கணக்குக்கு வரும் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மத்திய அரசு நிதி பலவற்றுக்கு யு.ஜி.சி. சட்டத்தின் 2(எஃப்), 12(பி) அங்கீகாரம் கேட்பார்கள்; முதலாவது கல்லூரி என்ற ஏற்பு, இரண்டாவது மத்திய நிதி பெறும் தகுதி. சுயநிதிக் கல்லூரிகள் பலவற்றிடம் 2(எஃப்) இருக்கும், 12(பி) இருக்காது. முதல்வர் அறையில் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழில் எது இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத் துறை ஒன்றின் வழியாகவோ, பாளையங்கோட்டையின் பழைய உதவிபெறும் கல்லூரி ஒன்றின் வழியாகவோ போக வேண்டும். தொண்டு நிறுவனம் வழியாகப் போவதென்றால் நிதி ஆயோக்கின் தர்பன் தளத்தில் பதிவெண் இருக்க வேண்டும்.

இனி யார் என்பதற்கு வருவோம். சமூகப் பணி ஒரு ரெண்டுங்கெட்டான் துறை. ஐ.சி.எஸ்.எஸ்.ஆருக்குப் போனால் "இது மருத்துவம்" என்பார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆருக்குப் போனால் "இது சமூகவியல்" என்பார்கள். அதனால் ஒரே ப்ரொபோசலை எல்லா இடத்துக்கும் அனுப்புவது வீண். ஒரே களம், ஒரே மக்கள், ஆனால் கேள்வியை மாற்ற வேண்டும். ஐ.சி.எஸ்.எஸ்.ஆருக்கு எழுதும்போது, பீடி வேலை குறைவதால் வீட்டில் பெண்ணின் கையிருப்பும் அவள் சொல்லுக்கு இருக்கும் மதிப்பும் எப்படி மாறுகின்றன, அது மனச்சோர்வோடு எப்படிச் சேர்கிறது என்பது கேள்வி. ஐ.சி.எம்.ஆருக்கு எழுதும்போது, கிராமத்தில் இருக்கும் ஆளை வைத்தே குறுகிய ஆலோசனை கொடுத்தால் மனச்சோர்வு மதிப்பெண் இறங்குமா என்பது கேள்வி. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையில் 2008 முதல் அறிதிறன் அறிவியலுக்கென்று ஒரு திட்டம் இருக்கிறது. நாள் முழுக்கக் குனிந்து ஒரே வேலையைச் செய்பவரின் கவனம், தூக்கம், நினைவாற்றல் என்று போனால் அந்தக் கதவைத் தட்டலாம், ஆனால் உளவியல் துறையிலிருந்து ஒருவர் கூட இருந்தால்தான் அங்கே எடுபடும்.

ஐ.சி.எம்.ஆருக்கு எழுதும்போது வட மாநில ப்ரொபோசலைப் பார்த்து நகலெடுப்பவர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்வது, "ஆஷா பணியாளர்கள் மூலம் செயல்படுத்தப்படும்" என்ற வரியில். தமிழ்நாட்டில் ஆஷா பணியாளர்கள் மலை, பழங்குடிப் பகுதிகள் போன்ற சில இடங்களில்தான். முக்கூடலில் வீடு வீடாகப் போகிறவர்கள் கிராம சுகாதார செவிலியரும், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் பெண் தன்னார்வலரும்தான். மதிப்பீட்டாளர் இந்த ஒரு வரியைப் பார்த்தே, களம் தெரியாதவர் எழுதியது என்று முடிவு கட்டிவிடுவார்.

இன்னொரு பள்ளம் மாவட்ட எல்லை. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. ஆலங்குளம் அங்கே போய்விட்டது, முக்கூடல் திருநெல்வேலியிலேயே நின்றுவிட்டது. பஸ்ஸில் கொஞ்ச நேரப் பயணம்தான், ஆனால் அனுமதி இரண்டு மாவட்ட சுகாதார அலுவலர்களிடம் வாங்க வேண்டும். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று 2017 மார்ச்சில் இருந்த மாவட்டங்களை வைத்து எடுக்கப்பட்டது. அதில் தென்காசி என்று தனியாக எதுவும் கிடையாது, திருநெல்வேலிக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. "தென்காசி மாவட்டத் தரவு" என்று யாரோ எழுதியதை எடுத்து மேற்கோள் காட்டிவிடாதீர்கள்.

வெளிநாட்டுப் பணம் பற்றி நிறையப் பேர் கனவு காண்கிறார்கள். லண்டனில் உள்ள வெல்கம் அறக்கட்டளை கவலை நோய், மனச்சோர்வு, மனச்சிதைவு ஆய்வுகளுக்குத் தருகிறது என்பது உண்மை. ஆனால் நிறுவனத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ., அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு வேண்டும், டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் கணக்கு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாற்றவும் முடியாது. "சென்னை தொண்டு நிறுவனம் வாங்கி நமக்குப் பிரித்துத் தரும்" என்ற பழைய ஏற்பாடு அதோடு போச்சு. சென்னை நிறுவனமே நேரடியாக நெல்லையில் ஆள் போட்டு வேலை செய்யலாம், அவ்வளவுதான். சுகாதார ஆய்வில் வெளிநாட்டுக் கூட்டாளி இருந்தால் ஐ.சி.எம்.ஆர். வழியாகப் போகும் சுகாதார அமைச்சகத் தேர்வுக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்.ஐ.ஹெச். 2025 மே மாதம் வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் துணை நிதி கொடுப்பதையே நிறுத்திவைத்தது. முதல் புராஜெக்டுக்கு இந்தப் பக்கம் போகாதீர்கள்.

கம்பெனிகளின் சி.எஸ்.ஆர்., அதாவது சமூகப் பொறுப்புப் பணம் வேறு கணக்கு. கம்பெனிச் சட்டம் 135ஆம் பிரிவின்படி பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவு செய்தாக வேண்டும். கூடங்குளம் அணுமின் நிலையம் முதல் தூத்துக்குடி ஆலைகள் வரை நம் சுற்றுவட்டத்தில் ஆட்கள் உண்டு. ஆனால் ஆய்வு என்று கேட்டால் சி.எஸ்.ஆர். அதிகாரிக்குக் கொட்டாவி வரும். முகாம், ஆலோசனை மையம், பயிற்சி என்று சேவையாகக் கேளுங்கள். அதற்குள் தொடக்க அளவீடு, முடிவு அளவீடு இரண்டையும் செலவுப் பட்டியலில் வைத்துவிடுங்கள், தரவு அங்கிருந்து வந்துவிடும். பணம் வாங்கும் அமைப்பு சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிந்திருக்க வேண்டும். பலரும் கவனிக்காத ஒன்றும் இருக்கிறது. சி.எஸ்.ஆர். கடமை 10 கோடி அல்லது அதற்கு மேல் உள்ள கம்பெனிகள், 1 கோடிக்குக் குறையாத திட்டங்களுக்கு வெளி அமைப்பை வைத்துத் தாக்க மதிப்பீடு செய்தே ஆக வேண்டும். சமூகப் பணித் துறைகளுக்கு ஏற்ற வேலை இது. செய்வது மட்டும் பெரும்பாலும் ஆலோசனை நிறுவனங்கள்.

இப்போது ப்ரொபோசல். எம்.எஸ்.டபிள்யூ. ஆய்வேட்டுப் பழக்கத்தில் முதல் நோக்கமாக "பதிலளிப்போரின் சமூகப் பொருளாதாரப் பின்னணியை அறிதல்" என்று எழுதுவதை விட்டுவிடுங்கள். அது நோக்கமே அல்ல, அட்டவணை ஒன்று. ஏழு நோக்கம், அறுபது பேர், கை-வர்க்கச் சோதனை (கை-ஸ்கொயர்) என்று வரும் ப்ரொபோசலை மதிப்பீட்டாளர் இரண்டாம் பக்கத்தில் மூடிவிடுவார். மூன்று நோக்கம் போதும். பிஎச்.டி. ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் ஷோத்கங்கா தளத்தில் பீடித் தொழிலாளர் பற்றி ஏற்கெனவே எத்தனை ஆய்வேடுகள் கிடக்கின்றன என்று பார்த்து, உங்களுடையது எதில் வேறு என்று ஒரு பத்தி எழுதுங்கள்.

மாதிரி அளவைச் சும்மா 300 என்று போடாதீர்கள். எதிர்பார்க்கும் மனச்சோர்வு விகிதம் 20 சதவீதம், பிழை வரம்பு 5 சதவீதம், நம்பகம் 95 சதவீதம் என்றால் 246 பேர் வரும். ஊர் ஊராகத் தேர்ந்தெடுப்பதால் டிசைன் எஃபெக்ட், அதாவது அதற்கான பெருக்கல் எண், 1.5 வைத்தால் 369. பத்து சதவீதம் பேர் பதில் தர மாட்டார்கள் என்று வைத்தால் 410. ஒரு நேர்காணல் ஒரு மணி நேரம். இலையும் தூளும் வாங்கப் போகும் நேரத்திலும், சுற்றியதைக் கடையில் கொடுக்கும் நேரத்திலும் யாரும் உட்கார்ந்து பேச மாட்டார்கள். ஆகவே ஒரு ஆள் ஒரு நாளைக்கு நான்கு பேர்தான் முடிக்க முடியும். இரண்டு ஆள் என்றால் 52 வேலை நாள். மாதம் 22 நாள் வைத்தால் இரண்டேகால் மாதத்துக்கு மேல். ஆடிக் கொடை, பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில் என்று ஊரே கிளம்பிவிடும் நாட்களையும் கூட்டினால் மூன்றரை மாதம் என்று எழுதுவதுதான் நியாயம். "களப்பணி 1 மாதம்" என்று எழுதியிருந்தால் பட்ஜெட்டையே நம்ப மாட்டார்கள்.

பட்ஜெட்டில் பாதிக்கு மேல் ஆள் சம்பளமாகத்தான் போகும், அதற்காகக் கூச்சப்பட வேண்டாம். மறந்துபோவது எழுத்துவேலை. ஒரு மணி நேரத் தமிழ் ஒலிப்பதிவை அப்படியே எழுத ஐந்தாறு மணி நேரம் ஆகும். இருபது ஆழ்நேர்காணல் என்றால் நூறிலிருந்து நூற்றிருபது மணி நேரக் கூலி. மொழிபெயர்ப்பு தனி. அளவுகோல்களில், மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் பட்டியலான பி.ஹெச்.க்யூ.-9 இலவசம், தமிழிலும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் என்னும் மதுப்பழக்கக் கேள்விப் பட்டியலும் இலவசம். பெக் மனச்சோர்வு அளவுகோலுக்குக் காசு கட்ட வேண்டும். ஆய்வேடுகளில் அதன் ஜெராக்ஸ்தான் சுற்றுகிறது, நிதி வாங்கும் ஆய்வில் அதை வைத்தால் வம்பு.

எதிக்ஸ் கமிட்டி ஒப்புதல் இல்லாமல் எதுவும் நகராது. ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டியின்படி கமிட்டித் தலைவர் வெளியாளாக இருக்க வேண்டும். சுகாதார ஆய்வைப் பார்க்கும் கமிட்டி மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவும் செய்திருக்க வேண்டும். கலைக் கல்லூரிகளில் இது பெரும்பாலும் இருக்காது. ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மனநலத் துறையிலிருந்து ஒருவரை இணை ஆய்வாளராகச் சேர்த்துக்கொண்டால் கமிட்டிக்கும் வழி பிறக்கும், மனச்சோர்வு கடுமையாக இருப்பவரை அனுப்பவும் இடம் இருக்கும். ஆலோசனை கொடுத்துப் பார்க்கும் ஆய்வு என்றால், முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே, இந்தியாவில் நடக்கும் சிகிச்சை ஆய்வுகளுக்கான சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டில் பதிந்துவிடுங்கள். பிறகு பதிய முடியாது, பதியாத ஆய்வை நல்ல இதழ்கள் எடுக்காது.

விண்ணப்பித்த நாளிலிருந்து பணம் வரும்வரை ஒரு வருடம்கூட ஆகலாம். அதுவரை காசில்லாமல் செய்ய வேலை இருக்கிறது. குடும்ப நலக் கணக்கெடுப்பு, முதியோர் பற்றிய லாசி கணக்கெடுப்பு இரண்டின் மூலத் தரவும் பதிந்து கேட்டால் இலவசம். லாசியில் மனச்சோர்வுக் கேள்விகளே இருக்கின்றன. மத்திய புள்ளியியல் துறையின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டிலிருந்தே வேலை செய்யும் பெண்ணின் நாள் எப்படிப் போகிறது என்று பார்க்கலாம். இதில் ஒரு கட்டுரை வந்தால் அடுத்த விண்ணப்பத்தில் "முந்தைய பணி" என்ற கட்டம் காலியாக இருக்காது.

பணம் வந்தபின் அகலக்கால் வைக்காதீர்கள். புராஜெக்டுக்குத் தனி சேமிப்புக் கணக்கு திறக்கச் சொல்லுங்கள். அதில் வரும் வட்டியும் மத்திய அரசின் பணம்தான், திருப்பிக் கட்ட வேண்டும். களப்பணியாளருக்குக் கையில் காசு கொடுக்காமல் வங்கி வழியாகவே கொடுங்கள். இரண்டாம் தவணை வர செலவுச் சான்றிதழ், அதாவது யு.சி., மத்திய அரசின் பொது நிதி விதிகளில் உள்ள ஜி.எஃப்.ஆர். 12-ஏ படிவத்தில் போக வேண்டும். கல்லூரிக் கணக்கு அலுவலகத்தில் அந்தப் படிவத்தைப் பார்த்தே இராதவர் இருந்தால், புராஜெக்ட் வருவதற்கு முன்பே ஒரு நிரப்பிய மாதிரியை அவர் மேஜையில் வைத்துவிடுங்கள். நிறையப் புராஜெக்ட்கள் முதல் தவணையோடு நிற்பதற்குக் காரணம் ஆய்வு சரியில்லாதது அல்ல, யு.சி. போகாததுதான். நிதி வாங்கித் தருகிறேன், இத்தனை சதவீதம் கொடு என்று வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பி.ஹெச்.க்யூ.-9இன் ஒன்பதாம் கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதற்கு "இல்லவே இல்லை" என்பதைத் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் களப்பணியாளர் அன்றைக்கே யாரைக் கூப்பிட வேண்டும், எங்கே கூட்டிப்போக வேண்டும், ஆட்டோ கூலி யார் தருவது என்று ப்ரொபோசலிலேயே அரைப் பக்கம் எழுதுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416ஐத் தகவல் தாளில் பெரிய எழுத்தில் போடுங்கள். அந்த ஆட்டோ கூலிக்கு பட்ஜெட்டில் ஒரு வரி வையுங்கள்.